கப்பலேறியவர்களின் நாய்கள்

போன மாதம் ஒனெசீம் அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சவப்பெட்டி எங்கள் தெருவைக் கடக்கும்போது ஒருவன் சன்னலில் நின்றுகொண்டு குரைத்தான். சின்னப் பையன் இல்லை, பேரன் எடுத்த ஆள். நான் மட்டும் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்காவிட்டால் செருப்பைக் கழற்றியிருப்பேன். பிணத்துக்கு முன்னால்கூட வாயை மூடத் தெரியாதவனெல்லாம் ஒரு மனுஷனா?

இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. மொரீசுத் தீவின் போர் லூயி துறைமுகத்துக்குப் பின்னால் இந்தத் தகரக் குடிசைகளுக்கு நாங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு நாய்க்கொல்லி என்று பெயர். கப்பலில் சர்க்கரை மூட்டை தூக்கிவிட்டு முதுகு வளைந்து வருவார். பிள்ளைகள் பின்னாலேயே குரைத்துக்கொண்டு போவார்கள். பெற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிர, ஒரு அதட்டல் கிடையாது. எல்லாரும் எங்கள் தீவுக்காரர்கள்தான். ஒரே தென்னந்தோப்பில் தேங்காய் உரித்தவர்கள், ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் அவரிடமே கேட்டேன்.

"ஏன் அத்தான், உங்களுக்கு வாயே இல்லியா? திரும்பி ரெண்டு வார்த்தை கேட்டா என்ன?"

"அவங்க சொல்றது ஒண்ணும் பொய் இல்லியே, நோயெலி."

பொய் இல்லைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது முழுவதும் இந்தக் குரைக்கிற கூட்டத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மிமோஸ் என் கூடப்பிறந்த அக்கா. அவள் புருஷன்தான் ஒனெசீம். தீவில் நான் தோட்டத் துரை பங்களாவின் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். துரை பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. அத்தானும் செத்துப்போனார், இனி யாருக்கு என்ன மரியாதை, சொல்லிவிடுகிறேன்.

தீவில் அத்தானுக்குக் கொப்பரைக் கொட்டகை வேலை. நீளமான செங்கல் கட்டடம். கீழே அடுப்பு, மேலே கம்பித் தட்டுகளில் தேங்காய்ப் பருப்பு. மட்டையும் சிரட்டையும் போட்டு இரவு பகலாக எரிக்க வேண்டும். தீ கூடினால் கொப்பரை கருகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அவருடைய அப்பா பார்த்த வேலை அது, அவர் இருமிச் செத்ததும் இவர் கைக்கு வந்தது. எந்நேரமும் புகையில் கிடப்பதால் அத்தானுக்குக் கண் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பெண் கேட்டு வந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஆளு எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டே நிக்கிறான். இவனோட நான் எப்படிடி குடித்தனம் நடத்துவேன்?" என்றாள். அப்புறம் அவளே தலையாட்டிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் தீவே கூடி ஆடும். அத்தானுக்குக் கால் வராது. பறையைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக் கொடுப்பதோடு சரி. "ஆடத் தெரியாதவனைக் கட்டிக்கிட்டா நல்லதுதான். வேற எவளும் கொத்திக்கிட்டுப் போகமாட்டா" என்று சொல்லிச் சிரிப்பாள் அக்கா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரிப்பார்.

கொட்டகையில் எப்போதும் சூடு இருந்ததால் மழை வந்தால் தீவு நாய்களெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். எங்கள் நாய்கள் சும்மா சோறு தின்று படுத்துக் கிடந்தவை இல்லை. கடல் வற்றும் நேரத்தில் பாறைத் திட்டில் நாலைந்தாக இறங்கி, வளைத்து நின்று, மீனை ஓரத்துக்கு விரட்டிக் கவ்விக்கொண்டு வரும். வீட்டுக்கு வீடு நாய் இருந்தது, வீட்டுக்கு வீடு குழம்பும் இருந்தது. சாயங்காலம் அத்தான் மண்வெட்டியால் கொட்டகையின் இரும்புக் கதவில் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடிவரும். கருகின பருப்பைச் சுரண்டிப் போடுவார்.

அப்படியே அது ஒரு வழக்கமாகிவிட்டது. வைத்தியத்துக்கோ, உறவைப் பார்க்கவோ மொரீசுக்குக் கப்பலேறுகிறவர்கள் நாயின் கயிற்றை அத்தான் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். போய்வருகிறேன் என்று ஊரில் யாரிடமும் சொல்வதில்லை. "நாயைப் பாத்துக்க" என்றால் போதும். திரும்பி வந்து இறங்கியதும் நேரே கொட்டகைக்குப் போய்க் கயிற்றை வாங்கிக்கொள்வார்கள், வீட்டுக்குப் போவது அதற்கப்புறம்தான். போன இடத்தில் ஒருவர் செத்துவிட்டதாகச் சேதி வந்தால் மட்டும், பூசை முடிந்து கோயில் படியில் வைத்து நாயை வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். அதனால் ஒருவருடைய நாய் கொட்டகையில் கிடந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், வருவார் என்று அர்த்தம். இதை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. எங்களுக்கு அப்படித்தான்.

அக்காவின் மகன் லுசியேனுக்கு வயிறு வீங்கிக் காய்ச்சல் கண்டது. தீவில் இருந்த நர்சு கையை விரித்துவிட்டாள். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொரீசுக்குக் கப்பலேறினாள். அவளுடைய நாயின் பெயர் பிலோத், ஒரு காது கிழிந்த செவலை. அதன் கயிற்றைத் தன் புருஷன் கையிலேயே கொடுத்தாள். "நாயைப் பாத்துக்கய்யா" என்றாள். அவ்வளவுதான், படகில் ஏறிவிட்டாள்.

அடுத்த கப்பல் வந்தது. அக்கா வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. அவள் மட்டும் இல்லை, போன ஒருவருமே திரும்பவில்லை. கப்பல்காரர்களைக் கேட்டால், "எடம் இல்லை, எடம் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலியாக வருகிற கப்பலில் இடம் இல்லையாம். அதே சமயம் அரிசி மூட்டை குறைந்தது, பருப்பு வரவே இல்லை, நர்சு போனவள் போனவள்தான். பக்கத்துப் பெரிய தீவில் அமெரிக்காக்காரர்கள் வந்து இறங்கி மண்ணைத் தோண்டுகிறார்கள் என்று பேச்சு வந்தது. கொட்டகையில் மட்டும் நாய்கள் கூடிக்கொண்டே போயின. அத்தான் ஒவ்வொன்றையும் அதனதன் சொந்தக்காரர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "பிலோமின் நாயே, இங்க வா. தெயோழேன் நாயே, சண்டை போடாத."

பிறகு ஒரு நாள் துரை எல்லாரையும் பங்களா முன்னால் கூட்டி, தோட்டத்தை மூடுகிறோம், எல்லாரும் கப்பலேற வேண்டும் என்று சொன்னார். ஏன், எங்கே, எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லை. பெண்கள் மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அன்று துரைக்குப் போட்ட காப்பியில் நான் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்ல முடியாது.

துரையோடு வந்திருந்த அதிகாரிகள் நாய்களைச் சுடத் தொடங்கினார்கள். தீவைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டுமாம். முதல் நாள் சில விழுந்தன. மற்றவை புதருக்குள் ஓடி ஒளிந்துகொண்டன, ஆளைக் கண்டால் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் துரை அத்தானைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் சமையற்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு தட்டிதான்.

"உன் பொண்டாட்டி எப்ப வர்றா ஒனெசீம்?" என்றார் துரை.

"அடுத்த கப்பல்ல துரை."

"போன கப்பலுக்கும் இதான் சொன்ன."

"போன கப்பல்ல எடம் கெடைக்கலையோ என்னமோ."

துரைக்குத் தெரியும். மொரீசுக்குப் போனவர்களைத் திரும்ப ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்து மாதக்கணக்காகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை ஒரு வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம்.

"எல்லாரும் போனப்புறமும் இங்க ஒரு ஆள் இருக்க வேண்டியிருக்கும். கொட்டகை, கெணறு எல்லாம் பாத்துக்க. அது நீயா இருக்கலாம்."

"இருக்கேன் துரை. அவ வர்ற வரைக்கும் நான் இருக்கேன்." அத்தானின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அதுக்கு முன்னால ஒரு வேலை முடிக்கணும். நாய்ங்க உன் சத்தத்துக்குத்தான் வருது."

அத்தானுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சொன்னார்: "அதுங்க என்னுது இல்லை துரை. ஊர்க்காரங்க விட்டுட்டுப் போனது."

"ஊரே இல்லைங்கறேன். நீ என்னடா ஊர்க்காரங்கன்னுக்கிட்டு?"

"என் பொண்டாட்டி நாயி ஒண்ணு இருக்கு."

"அதை வெச்சுக்கோ. மத்ததை முடி."

பின்வாசல் வழியாக அவர் வெளியே வரும்போது நான் வழி மறித்தேன். கையில் மீன் கத்தி அப்படியே இருந்தது.

"அத்தான், அந்த ஆளை நம்பாதீங்க."

"துரை வாயால சொல்லிட்டாரு, நோயெலி. அவர் சொல்லி எது நடக்காம இருந்திருக்கு?"

எங்கள் தோட்டத்தில் காகிதம் என்பதே கிடையாது. காலையில் துரை நின்று, நீ உரி, நீ உடை, நீ அடுப்பைப் பார் என்று வாயால் சொன்னால் அதுதான் வேலை. நாளைக்கு அரிசி என்றால் நாளைக்கு அரிசி. இந்தக் கல்யாணத்துக்கு ஒரு பன்றி என்றால் பன்றி வந்துவிடும். தாத்தா காலத்திலிருந்து அப்படியே பழகிவிட்டோம். நல்லதோ கெட்டதோ, சொன்னது நடந்தது. துரையின் வாயிலிருந்து வருவது நடக்காமலும் போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்குக்கூட அன்று சந்தேகம்தான் இருந்தது, நிச்சயம் இல்லை.

"மத்தவங்க நாயெல்லாம்?" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்தார். "மிமோஸ் புள்ளையோட வந்து எறங்குவா. கரையில ஒரு ஆளும் இல்லைன்னா அவ எங்க போவா? யாரு வீட்டுக் கதவைத் தட்டுவா? நான் இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் தெரியலை."

பிலோத்தை வீட்டு வாசல் தூணில் கட்டிப்போட்டார். கப்பல் கயிறு. அதன் முன்னால் ஒரு சட்டியில் தண்ணீர், பாதித் தேங்காய். கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். நான் தூரத்தில், கழுதை சுற்றும் எண்ணெய்ச் செக்கின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அடுப்புத் தணலில் ஈர மட்டைகளை அடைத்தார். புகைபோக்கியைச் சாக்கால் மூடினார். உள்ளே தரையில் கருகின பருப்பைக் கொட்டி வைத்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்து இரும்புக் கதவில் தட்டினார்.

புதருக்குள்ளிருந்து நாய்கள் வந்தன. துப்பாக்கிக்காரன் கூப்பிட்டு வராதவை, அந்தச் சத்தத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. சில நொண்டிக்கொண்டு வந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். தன் காலை உரசிக்கொண்டு அவை உள்ளே ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் குனிந்து பார்க்கவே இல்லை. ஓடிவரும் சத்தம் ஓய்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டபடியே கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். அதற்கப்புறம் கேட்டதை நான் சொல்லப்போவதில்லை. தீவு முழுக்கக் கேட்டது. கோயிலில் இருந்தவர்கள் செபத்தை உரக்கச் சொன்னார்கள்.

மறுநாள் கதவைத் திறந்து உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவை ஒட்டியே ஒரு செவலை கிடந்தது, ஒரு காது கிழிந்தது. கழுத்தில் கப்பல் கயிற்றின் துண்டு, கடித்து அறுத்தது. தினமும் கேட்ட சத்தம்தானே, அதுவும் ஓடிவந்திருக்கிறது. அத்தான் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லையா என்று கேட்காதீர்கள். அன்று அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் பிலோத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் அவர் குழி தோண்டியபோது மண்ணை அள்ளிப் போட்டது நான்தான்.

கப்பல் வந்தது. கூட்டம் கூட்டமாகப் படகில் ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை, அதற்கு மேல் கூடாது. அத்தான் மூட்டை கட்டவில்லை. வேலை உடுப்போடு படகுத்துறைக்கு வந்து, எங்களை வழியனுப்புகிறவர் போலத் துரைக்குப் பக்கத்தில் நின்றார். துரை கையைக் காட்டினார்.

"நீயும் ஏறு."

"நான் இருக்கேன்ல துரை."

"ஏறு, ஏறு. நேரமாகுது."

"துரை, நீங்க சொன்னீங்களே."

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன்."

அத்தான் அப்படியே நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சொன்ன வார்த்தையை இப்படி எடுத்துவிட முடியும் என்பதே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேர் தோளைப் பிடித்துப் படகில் இறக்கினார்கள். துரையின் குதிரைகளுக்கு மேல்தளத்தில் கூரை போட்டு வைக்கோல் விரித்திருந்தார்கள். எங்களைக் கீழே கொப்பரை மூட்டைகளின் மேல் அடைத்தார்கள். வாந்தியும் மூத்திரமுமாக அந்தப் பயணம் போனது. கப்பலில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், அத்தான் பக்கத்தில் படுக்க ஒருவரும் வரவில்லை.

போர் லூயி துறையில் எங்களுக்கு முன்னால் போனவர்கள், திரும்ப ஏற்றாமல் நிறுத்தப்பட்டவர்கள், கூட்டமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் இறங்கு பலகையில் கால் வைத்ததும் கீழேயிருந்து கேள்விகள் வந்தன.

"ஒனெசீம், என் நாயி எப்படி இருக்கு?"

"நீ வந்துட்டே, அப்ப நாய்ங்களை யாரு பாத்துக்கறா?"

கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். தலையில் மூட்டை. பாதியாக இளைத்திருந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை.

"நீ எதுக்குய்யா எறங்கின?" என்றாள். சத்தம் போட்டுத்தான் பேசினாள், எப்போதும்போல. "நான் இந்தக் கப்பல்லயே ஏறலாம்னு மூட்டையோட வந்து நிக்கறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் இதேதான். அந்த ஆபீஸ்காரன் தீவை மூடிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கான், பொய்க்காரப் பய. நான் விடறதா இல்லை. ஏறு, திரும்பி ஏறு."

"லுசியேன் எங்க?" என்றார் அத்தான்.

"போயிட்டான். வந்த கொஞ்ச நாள்லயே போயிட்டான். இங்கதான் பொதைச்சேன்." தலைமேல் மூட்டையைச் சரியாக வைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போய் அழுதுக்கலாம், இங்க வேணாம். பிலோத்தை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நின்றேன், சொல்லிவிடு மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன். பிலோத் இருக்கிறது, மீன் பிடிக்கிறது என்று சொன்னால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"பிலோத் இல்லை," என்றார். "எந்த நாயும் இல்லை. நான்தான். கொட்டகையில வெச்சு. நான்தான் தட்டிக் கூப்பிட்டேன். உன்னை வரவேற்க நான் அங்க இருக்கலாம்னு துரை சொன்னாரு."

கூட்டத்தில் ஒரு கிழவர் அவர் முகத்தில் துப்பினார். யாரோ ஒரு பெண் தன் நாயின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள், கணவன் செத்ததற்கு வைக்கிற அதே ஒப்பாரி. அத்தான் துடைத்துக்கொள்ளவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நானும் காத்திருந்தேன். அவள் கப்பலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த மூட்டையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வா," என்றாள்.

அவள் தங்கியிருந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். யாரோ வீட்டுப் பின்புறத்தில் சுவரோடு இறக்கின ஒரு சாய்ப்பு. இத்தனை மாதமாக அடுத்தவர் வீட்டில் வாங்கித்தான் சாப்பிட்டாளாம். இங்கே எதுக்கு அடுப்பு மூட்டுவது, என் அடுப்பு அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம், அந்த வீட்டுக்காரி பிற்பாடு என்னிடம் சொன்னாள். போகிற வழியில் ஒரு பாத்திரக் கடை வந்தது. அக்கா நின்றாள். உள்ளே போய் ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கிக்கொண்டு வந்து, சட்டியை அத்தானிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து வந்தார்.